கரம்பை எங்க போகுது?

ராஜபாளையத்துக்கு மேற்கே நிக்கிற மலைப் பாறைதான் நம்ம அடிவாரத்து மண்ணோட மூலம். வெயில்ல விரிஞ்சு, மழையில ஊறி, வேர் புகுந்து பாறை உடையுது. வெங்கச்சங்கல் லேசுல கரையாது, மணலா நிக்கும். மத்ததெல்லாம் நாளாக நாளாகக் களியா மாறும். கல்லுல இருக்கிற இரும்பு துருப்பிடிச்சுத்தான் செவக்காடு செவப்பாச்சு. ஒரு அங்குல மேல்மண்ணுக்கு நூத்துக்கணக்கான வருசம் ஆகும்.

கல்லுப்பொடி மட்டும் மண் ஆகிடாதுங்க. காத்து, தண்ணி, மக்கு, புழு பூச்சி எல்லாம் வேணும். நம்ம பக்கம் மக்குதான் குறைச்சல், அடிக்கிற வெயில் தின்னுபுடுது.

மழைத்தண்ணி அரிச்சுட்டு வர்ற நயம் மண்ணும் மக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கண்மாய் கண்மாயா வந்து படியுது. அதுதான் கரம்பை. செவக்காட்டுல அடிச்சா ஈரம் கூடக் கொஞ்ச நாள் நிக்கும். விவசாயிக்கு இலவசம், 2024-ல இருந்து தாசில்தாரே அனுமதி தரலாம். ஆனா நான் பாக்குற டிராக்டர்ல பாதி வீட்டுமனையை மேடாக்கப் போகுது. அதுக்கு இடிச்ச கட்டடத்துக் கழிவு போதாதா? காட்டுக்குப் போக மிஞ்சினாத்தான் மத்தவங்களுக்குன்னு அனுமதிச் சீட்டுலயே எழுதணும். அடுத்த கிராமசபையில இதைத்தான் கேக்கப்போறேன். உங்க ஊர்லயும் கேளுங்க.