பூட்டைத் தந்து திறவுகோலை மறைப்பதா?

ஓலைச்சுவடியைச் செல் அரித்தது. அச்சுநூலைத் தீத் தின்றது. கணினியில் ஏறிய தமிழுக்கோ, ஏறிய இடத்திலேயே ஊமையாகும் கேடு சூழ்ந்துள்ளது!

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதிருந்தவை மீளவேயில்லை. பலவிடத்துப் பல படிகளாய் வைத்தலே காப்பு என்பது அத்தீ எழுதிச் சென்ற படிப்பினை. அதனை நிறைவேற்ற ஊர்தோறும் உள்ள சிறு நூலகங்களுக்குக் கருவி வேண்டாவா?

கருவி உண்டு என்பர். கனடாவில் ஆக்கப்பெற்ற ஆர்க்கிவமாட்டிகா விலையின்றியே கிடைக்கின்றது. கோப்பின் வகையறிந்து, சரிபார்ப்பெண் கணித்து, காப்புப் பொதியாய்க் கட்டித் தரும் அரிய மென்பொருள் அது. அதனைப் பழித்தல் நன்றியன்று. ஆயின், அதனை நிறுவ லினக்சு வழங்கி வேண்டும். தரவுத்தளமும் உடன் இயங்க வேண்டும். பழுதுற்றால் கட்டளை வரிகளால் திருத்தவல்ல ஆளும் வேண்டும். ஒரு நூலகரும் ஒரு பழங்கணினியும் அன்றி வேறில்லாத படிப்பகம் எங்கே போகும்? உள்ளே நுழைந்தால் எதிர்ப்படுவனவோ எசுஐபி, ஏஐபி, டிஐபி என்னும் புதிர்கள்! விண்வெளித் தரவுகளைக் காக்க வகுக்கப்பெற்று, 2003-இல் உலகத் தரமாகிய நெறியின் சொற்கள் அவை. இடுபொதி, காப்புப்பொதி, வழங்குபொதி என்றால் எவர்க்கும் விளங்குமே!

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. 1990-களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் பாமினி, தாப், தாம், திசுக்கி எனப் பல குறியாக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இன்றேல் அவை பொருளற்ற அயலெழுத்துக் குவியலே. பிரித்தானிய நாட்டு ஆவணக் காப்பகத்தின் வகையறி கருவி, ‘இது வேர்டு கோப்பு’ என்று சொல்லி அமையும். உள்ளிருக்கும் தமிழ் எக்குறியாக்கத்தது என்று சொல்லாது. பெட்டி நலமாயிருக்க உள்ளீடு மாய்வதா காப்பு?

‘விலையில்லாது தருவதைக் குறைகூறலாமா?’ என்பார் உளர். எவரும் திருத்தலாம் என்பதன்றோ கட்டற்ற மென்பொருளின் பெருமை! திருத்தாதது எவர் குற்றம்? 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற தமிழ்நாட்டரசுக்கு, அதற்கு முந்தைய கோப்புகளை மீட்கும் கடமையும் உடன் வந்ததன்றோ! அயலார்க்கு நிரலெழுதும் தமிழிளைஞர் கைகள் தாய்மொழிக்கு மட்டும் முடங்குவதேன்?

நூலகர் ஒரு பகலில் கற்கத்தக்க கருவி வேண்டும். அதன் திரை தமிழில் பேச வேண்டும். பழங்குறியாக்கத்தை அறிந்து, முதற்கோப்பை அழிக்காது, ஒருங்குறிப் படியை உடன்வைக்க வேண்டும். எரித்தவரைப் பழிக்கும் உரிமை, எஞ்சியதைக் காப்பவர்க்கே உண்டு!