வெள்ளிக்கிழமை வேண்டாம், அத்தை!

ஒரு கல்யாணத்துக்காகக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து, வெற்றிலையும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்தபோது அத்தை மெல்லக் கேட்டாள்:

"ஏங் கண்ணு, ஹைதராபாத்து ரொம்பத் தூரமா?"

அத்தைக்கு வயது 68. அவள் செய்த பெரிய யாத்திரை எதிரே தெரியும் கொல்லிமலைதான். 70 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அறப்பளீசுவரரைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மாமா லாரி ஓட்டியவர். ஒருமுறை ஹைதராபாத்துக்கு லோடு கொண்டுபோனபோது, கல் பதித்த அரக்கு வளையல் ஒரு ஜோடி வாங்கி வந்தார். "அடுத்த தபா உன்னையும் கூட்டிப் போறேன்" என்றாராம். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. மாமா போய் நாலு வருஷம் ஆகிறது.

"தூரம் பெரிதில்லை அத்தை, கிழமைதான் பெரிது" என்றேன். நான் பட்ட பாடு அப்படி! முதல் தடவை வெள்ளிக்கிழமையில் போய் இறங்கினேன். சாலார் ஜங் மியூசியம், சௌமஹல்லா அரண்மனை, குதுப் ஷாஹி கல்லறைகள் மூன்றுக்குமே அன்று விடுமுறை. விசாரிக்காமல் போனது என் தப்பு. நீங்களும் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

ஆகவே வெள்ளிக்கிழமையை ரயிலிலேயே கழித்துவிடுங்கள். அன்று மாலை சேலத்தில் சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் போய்ச் சேரலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே தொடங்குகிறது. வயதான பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, மறக்காமல் கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் போதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கோடை விடுமுறையில் போனால் வெயில் வாட்டிவிடும்.

சனிக்கிழமை சற்று இளைப்பாறி, மாலையில் சார்மினார். 1591ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டியது. மேலே ஏறும் படிகள் குறுகலானவை. முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே கண் நிறையும். பக்கத்திலேயே மெக்கா மசூதி. 1694ல் ஔரங்கசீப் காலத்தில் கட்டி முடித்தார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கோத்தும் சாப்பிட்டால் களைப்புத் தீரும்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் கோல்கொண்டா. வாசல் மண்டபத்தில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். உச்சிக்குச் சுமார் 360 படி. "நீங்கள் ஏறுங்கள், நான் கீழே இருந்து கை தட்டுகிறேன்" என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டாள்! கல்லறைத் தோட்டம் அங்கிருந்து கிட்டத்தில்தான். திங்களன்று சாலார் ஜங் மியூசியம். மணி அடிக்கும் பொம்மைக் கடிகாரத்தைப் பார்க்க, மணி நிறைவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே இடம் பிடியுங்கள். பிறகு சௌமஹல்லா. செவ்வாயன்று ரயில் ஏறிவிடலாம்.

வளையல் வாங்க, சார்மினாரை ஒட்டிய லாட் பஜார். அரக்கைத் தணலில் இளக்கி, வளைத்து, கல் பதிக்கிறார்கள். 2024ல் இந்த வளையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேரம் பேசத் தயங்காதீர்கள். அளவுக்குப் பழைய வளையல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

இதைச் சொன்னதும் அத்தை உள்ளே போய், துணியில் முடிந்த ஒரு வளையலை எடுத்து வந்தாள். ஓரத்தில் கீறல் விட்டிருந்தது.

"உங்கள் கைக்கு அளவா அத்தை?"

"எனக்கெதுக்குக் கண்ணு வளையலு? பேத்திக்கு வாங்கணும். இது சும்மா வரட்டும். அவரு எந்தக் கடையில வாங்கினாரோ, அந்தத் தெருவை இதுவாச்சும் அடையாளம் சொல்லாதா?"

டிக்கெட்டுக்கு அன்று ராத்திரியே ஏற்பாடு செய்துவிட்டேன்.