பத்து டன் பிரஸ் எதுக்கு?

மெக்கானிக்கல் நண்பர்களே, திருச்செந்தூர் கோவில் வாசல் கடைகளில் வேல், மயில் வடிவச் சாவிக்கொத்து பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி வடிவங்களை மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி எடுக்க ஒரு மெஷின் செய்யணும்னா, நம்ம ஃபைனல் இயர் டீம் என்ன செய்யும்? ‘சேஃப்டிக்கு இருக்கட்டும்’னு பத்து டன் ஹைட்ராலிக் பிரஸ் வரைஞ்சிடும். இது பொறியியல் இல்லை, பயம்.

கணக்கு சின்னதுதான். வெட்டும் சுற்றளவு × தடிமன் × ஷியர் ஸ்ட்ரெங்த். 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 157 மி.மீ. ஷீட் 0.5 மி.மீ., ஷியர் ஸ்ட்ரெங்த் சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன்னு வைப்போம். விடை சுமார் 3140 நியூட்டன், அதாவது 320 கிலோ எடை. கையால் சுற்றும் ஒரு டன் ஃப்ளை பிரஸ்ஸே தாராளம். பரப்பு இங்கே கணக்கில் வராது, சுற்றளவுதான் வரும். அதனால்தான் அதே உயரத்தில் தோகை விரித்த மயிலுக்கு விசை கூடும்.

சரி, அந்த 40 எங்கிருந்து வந்தது? அங்கதான் நாம வழுக்குறோம். எஃகுக்கு டென்சைல் மதிப்பில் 80 சதவீதம்னு போட்டுப் பழகிட்டோம். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பழக்கத்தை நம்ப முடியாது. கிரேடு, வெப்பநிலை, வெட்டும் வேகம் எல்லாமே மதிப்பை மாற்றும். பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி கூடினால் ஷீட் வெட்டுப்படாமல் இழுபட்டுப் பிசிறடிக்கும். உப்புக்காத்தில் துருப்பிடித்து முனை மழுங்கினால் விசை இன்னும் ஏறும்.

வழி இருக்கு. பிளாஸ்டிக்கின் ஷியர் ஸ்ட்ரெங்த் அளக்கும் ஏ.எஸ்.டி.எம். டி732 முறையில் 25.4 மி.மீ. பஞ்சால் ஷீட்டைத் துளைத்து, உச்ச விசையைச் சுற்றளவாலும் தடிமனாலும் வகுப்பாங்க. அதே மாதிரி ஒரு பஞ்சும் டையும் நம்ம லேத்திலேயே கடையலாம். 40 டன் யு.டி.எம்.மில் இவ்வளவு சின்ன விசை சரியாத் தெரியாது. சிவில்காரங்க சாயில் லேபில் சின்ன ப்ரூவிங் ரிங் இருக்கும், கேட்டு வாங்குங்க. பத்து துண்டு துளைச்சுப் பாருங்க, ஒரு மதியம் போதும்.

நம்ம டிசைனை நம்பி ஒரு சின்னத் தொழில்காரர் கடன் வாங்கி பிரஸ் போட்டால், தேவையில்லாத ஒவ்வொரு டன்னுக்கும் வட்டி கட்டப்போறது அவர்தான். அடுத்த ரிவ்யூ ரிப்போர்ட்டில் புத்தக மதிப்புக்குப் பக்கத்தில் நீங்க அளந்த மதிப்பும் இருக்கட்டும்.