ஆறு மணிக்கு மேல் திறந்த பள்ளி

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது மலேசியாவில் நம் மக்களிடையே ஒரு சிறு விழா. சாமி படத்தின் முன் திருநீறு பூசி, மடிப்புக் கலையாத சீருடை அணிவித்து, அரை நாள் விடுப்பெடுத்துக்கொண்டு தாயும் தந்தையும் வகுப்பறைச் சன்னலோரம் நிற்பர். பிள்ளை அழுகையை நிறுத்தும்வரை அவர்களுக்கும் நகர மனம் வராது. 2021 சனவரி 20ஆம் நாள் அந்த விழா நடைபெறவில்லை. பெருந்தொற்றின் கொடுமையால், அரசுத் தேர்வு எழுதவிருந்தோர் நீங்கலாக நாட்டின் மாணவர்க்கெல்லாம் புதிய பள்ளியாண்டு இல்லிருப்புக் கற்றலாகவே தொடங்கிற்று. இரு நாள் கழித்துக் கெடா மாநிலத்திலும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் நடப்புக்கு வந்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளி வாசலை மிதித்தது மார்ச்சு முதல் நாள்தான். இடைப்பட்ட நாற்பது நாளும் அவர்களுக்குப் பள்ளி என்பது ஒரு கைப்பேசி.

அந்தக் கைப்பேசி யாருடையது, பகற்பொழுதில் அது எங்கே இருந்தது என்று கேட்டாலே போதும். லூனாஸ் வட்டாரத்துப் பெற்றோர் பட்ட பாடு விளங்கிவிடும்.

கெடாவின் கூலிம் மாவட்டத்தில், பினாங்கு மாநில எல்லையை ஒட்டி, பால்மரத் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர் லூனாஸ். பாட்டன் வாளியும் உளியுமாக விடியுமுன் நிரை பிடித்தான்; பேரன் இன்று 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலோ, எல்லைக்கு அப்பால் செபராங் பிறையின் தொழிற்சாலைகளிலோ முறை வேலை பார்க்கிறான். வேலைக்குச் செல்பவரின் சட்டைப் பையிலேயே வீட்டின் ஒரே திறன்பேசியும் சென்றுவிடும். ஆசிரியர் காலையில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு அனுப்பிய பாடத்தை அவ்வீட்டுப் பிள்ளை இரவில்தான் பார்க்கும். கண் சொக்கும் நேரத்தில் எழுத்துக் கூட்டும். அண்ணனும் தங்கையும் இருந்தால், தேர்வை நோக்கியிருக்கும் அண்ணனுக்கே முதலிடம், தங்கைக்கு மறுநாள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக நாள்தோறும் ஒரு கிகாபைட் இணையத் தரவை அரசு இலவசமாக வழங்கச் செய்தது. நன்றிக்குரிய உதவிதான். ஆயின் அது காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். தந்தையும் கைப்பேசியும் வீடு திரும்புமுன் அந்த உதவி கடையடைத்துவிடும். வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போரின் கடிகாரத்தைப் பார்த்து வகுத்த திட்டம் அது. முறை வேலைக்காரரின் கடிகாரம் எவர் நினைவிலும் இல்லை.

இல்லாமையின் அளவு முன்பே தெரியாததன்று. 2020இல் கல்வியமைச்சு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. அஃதாவது, அவ்வாய்வுக்கு உட்பட்டவருள் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். பின்னர் அரசுசார் நிறுவனங்களின் துணையோடு அறிவிக்கப்பட்ட, மாணவர்க்குக் கருவி வழங்கும் செர்டிக் திட்டத்தின் இலக்கோ 150,000 கருவிகள். பாடங்களை ஒளிபரப்பும் டிடிக் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது பிப்ரவரி 17. பள்ளியாண்டு பிறந்து முழுதாக நான்கு வாரம் கழிந்தபின். கணக்குக் கையிலிருந்தும் காலம் தாழ்ந்ததற்கு நோய் மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிட இயலாது.

கருவி கிடைத்த வீட்டிலும் துயரம் தீர்ந்துவிடவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் கை. ழகரத்துக்கு நாவை எங்கே மடிப்பதென்று அவர் வாயைப் பார்த்தே பிள்ளை கற்கும். உள்ளங்கையளவுத் திரையில், விட்டுவிட்டு வரும் ஒலியில், அது எவ்வாறு கைகூடும்? ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய தாய்மார் ஆசிரியராக அமர வேண்டியதாயிற்று. தமக்குத் தெரியாத கணக்கைப் பிள்ளையின் முன் தெரியாது என்று சொல்ல நேர்ந்த கூச்சம் எந்த ஆய்விலும் பதிவாகவில்லை. நாளெல்லாம் கற்பித்துவிட்டு, நள்ளிரவில் வந்துசேர்ந்த வீட்டுப்பாடங்களையும் திருத்திய ஆசிரியர்களையும், பயிற்றுத்தாள்களை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் சேர்ப்பித்தவர்களையும் இவ்விடத்தில் வணங்குகிறோம். எனினும், தனிமனிதரின் ஈகத்தை நம்பி ஒரு நாட்டின் கல்வி நடக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2003 முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். நல்ல சட்டம்; அதனை வரவேற்றவர்களுள் நாமும் அடக்கம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பொறுப்பாளி யார் என்பதை அது தெளிவாக எழுதியுள்ளது. பள்ளி பிள்ளையிடம் வந்துசேராவிட்டால் பொறுப்பாளி யார் என்பதைத்தான் எழுதவில்லை. உயிர் காக்கக் கதவடைத்தது சரியே. அடைத்த கதவுக்கு மாற்றுக் கதவு திறக்கும் கடமை எவருடையது என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு நம் வரலாற்றிலேயே விடையுண்டு. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மீது சுமத்தியது. கெடா அக்கூட்டமைப்பில் சேராத மாநிலமாயினும் இங்குள்ள தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. அவை ஓலைக் கொட்டகைகளாக இருந்திருக்கலாம்; ஓராசிரியரே அனைத்து வகுப்புகளையும் நடத்தியிருக்கலாம். துரைமார்க்கும் கூலியாளைத் தக்கவைக்கும் கணக்கே முதன்மையாக இருந்தது. ஆயினும் பிள்ளை இருக்குமிடத்துக்குப் பள்ளி வரவேண்டும், அதன் செலவு தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்னும் நெறி அச்சட்டத்தில் இருந்தது. 2021இல் பள்ளி மெய்யாகவே பிள்ளையின் வீட்டுக்கு வந்தது. கருவி, தரவு, மேசை, ஆசிரியர் என அதன் செலவனைத்தும் தொழிலாளியின் தலையில் விழுந்தது. குடியேற்ற ஆட்சி ஏற்றுக்கொண்ட நெறியைக் குடியாட்சி நழுவவிடலாமா?

பிற நிலத்தார் வேறு வழியும் கண்டனர். தமிழ்நாடு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலரைக் குடியிருப்புகளுக்கே அனுப்பி மாலை வகுப்புகள் நடத்தியது. நம்மிடமும் கோவில் மண்டபங்கள் உள்ளன. சமூக மண்டபங்கள் உள்ளன. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த இளையோரும் உள்ளனர்.

தொற்று ஓய்ந்துவிட்டது, இனி எதற்கு இப்பேச்சு என்பார்க்கு இரண்டு சொல்வோம். 2019இல் புகைமூட்டம் பள்ளிகளை மூடியது. ஆண்டுதோறும் வெள்ளம் எங்கேனும் மூடுகிறது. மூடும் நாள் மீண்டும் வரும். அன்றியும், முதலாம் ஆண்டைக் கைப்பேசியில் தொடங்கிய அப்பிள்ளைகள் 2026இல் ஆறாம் ஆண்டை அடைகின்றனர். ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டமையால் அவர்களின் குறையை வெளிக்காட்டப் பொதுத்தேர்வும் இல்லை. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லுமுன் அவர்களின் வாசிப்பையும் எழுத்தையும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தனித்தனியே சோதித்தறிய வேண்டும். பின்தங்கியோர்க்கு மாலை வகுப்புகள் நடத்த அமைச்சு பொருளுதவி தரவேண்டும்.

பள்ளி மூடப்படும் காலத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் கருவியும், நேர வரம்பில்லாத இணைப்பும், கற்பதற்கு அருகிலேயே ஓரிடமும் வழங்குவது அரசின் கடமை எனக் கல்விச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி உரைத்தல் வேண்டும். பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் தண்டம் எழுதிய அச்சட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடமுண்டு.