பள்ளத்தை மூடும் முன் ஒரு படம்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகன் ஒரு படம் போட்டிருந்தார். 'அந்தக் கால மதுரை' என்று தலைப்பு. கோபுரம், மாட்டு வண்டி, ஆளில்லாத வீதி. உடனே இருபது பேர் கும்பிடும் பொம்மையைப் போட்டார்கள். நானும் போட்டேன். பிறகுதான் கேட்டேன், "எந்த வருஷம் மாப்பிள்ளை? எந்தத் தெரு?" அவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

குழாய் பதிக்கும் ஒப்பந்த வேலையில் சூப்பர்வைசராக முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். எனக்குக் கோபுரத்தின் படத்தைவிடப் பள்ளத்தின் படம்தான் பெரிது. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நம் ஊர்க் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் முன்நின்ற பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. நாம் தினமும் நடக்கிற வெளி வீதிகளும் அந்த வேலையில் வந்தவைதான். ஆனால் அதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான கேப்டன் லினியஸ் டிரைப் மதுரைக்குக் கேமராவோடு வந்தது 1858-ல். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்குத்தூணை அவர் படம் எடுத்தார். கலெக்டருக்குத் தூணும் கிடைத்தது, படமும் கிடைத்தது. மேஸ்திரிக்குத் தெரு கிடைத்தது. மண் சுமந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

அதே டிரைப், வைகையையும் அதன் குறுக்கே மதுரைக்கு வரும் தரைப்பாலத்தையும் ஒரு படம் எடுத்து வைத்தார். ஏ.வி. பாலம் 1889-ல்தான் வந்தது, அதற்கு 31 வருஷம் முந்தைய படம் இது. இன்று ஆற்றின் இரு கரையிலும் சுவர், சுவரை ஒட்டி ரோடு. "ஆறு எப்பவும் இவ்வளவுதானே தாத்தா?" என்று பேரன் கேட்டால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. அந்தப் படத்தைக் காட்டுகிறேன். ஆண்டும் இடமும் தெரிந்த படம் என்பதால்தான் அது சாட்சி. இல்லாவிட்டால் அதுவும் கும்பிடும் பொம்மை வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

இனி என் கதை. நான் வேலை பார்த்த கம்பெனியில், பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரரை வரவழைத்துப் படம் எடுப்பது வழக்கம். ஒரு சிலேட்டில் தேதி, தெரு, ஆழம் எழுதி ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்பார். வார்ப்பிரும்புக் குழாய், இணைப்பில் சணல் திணித்து ஈயம் உருக்கி ஊற்றிய இடம், வால்வு, பக்கத்தில் யார் வீட்டுத் திண்ணை, எல்லாம் அதில் இருக்கும். பில்லோடு ஒரு பிரதி போகும், இன்னொன்று எங்கள் ஆல்பத்தில் ஒட்டப்படும்.

ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறியபோது அந்த ஆல்பங்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். 'தேவையில்லை' என்று பட்டியலில் கையெழுத்துப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்று நாலைந்து வருஷம் கழித்து, ஒரு தெருவில் வால்வைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள், மூன்று பள்ளம். தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அது நான் பதித்த குழாய். 'வேப்பமரத்துக்கு எதிரே' என்று மட்டும் ஞாபகம் இருந்தது. வேப்பமரத்தைக் காணோம், திண்ணைகளையும் காணோம். ஒரு கிழவர் கைத்தடியால் தரையைக் காட்டி "இங்கேதான், இல்லையில்லை, அங்கே" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்கள் கேட்காததும் சரிதான். நான் காட்டிய இடத்திலும் வால்வு இல்லை.

"இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டர் மேப்பில் வந்துவிட்டதே" என்று தம்பி மகன் சொல்கிறான். அவன் இன்ஜினீயர். நான் சொல்வது இதுதான்: வரைபடம் குழாய் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும், படம் அது எப்படிப் போனது என்று சொல்லும். நடுவில் பாறை வந்தால் இரண்டடி ஒதுங்கித்தான் பதித்தோம். பழைய அஸ்திவாரம் குறுக்கே வந்தால் வளைத்துக்கொண்டு போனோம். அதையெல்லாம் வரைபடத்தில் திருத்தியது பாதி, திருத்தாமல் விட்டது பாதி. கேமராவுக்கு அந்தச் சோம்பல் கிடையாது.

ஆகவே என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் ஓவர்சியர், மேஸ்திரி, கான்ட்ராக்டர், ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டுப் பரணில் பாலம், தொட்டி, சாக்கடை என்று ஏதாவது படம் கிடக்கும். நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அது குப்பை. இப்போதே இறக்கி, பின்பக்கம் பென்சிலால் தெருவையும் வருஷத்தையும் நிற்பவர்களின் பெயரையும் எழுதுங்கள். உங்கள் தெருவில் இன்று பள்ளம் தோண்டினால், மூடும் முன் ஒரு அளவு டேப்பை நீட்டி வைத்து, அசையாத ஒரு கட்டடமும் தெரியும்படி உங்கள் போனிலேயே படம் எடுத்து வையுங்கள். ஸ்டுடியோக்காரர் வரட்டும் என்று நாங்கள் காத்திருந்த மாதிரி நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் மிஞ்சியது ஒரே படம். 1979, வடக்கு வெளி வீதிப் பக்கம். பள்ளத்துக்குள் நான்கு ஆண்கள், கரையில் மண்சட்டியோடு ஒரு அம்மாள். சிலேட்டில் ஆழம் தெளிவாக இருக்கிறது. அந்த ஐந்து பேரின் பெயரை நான் எழுதி வைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க யோசித்ததில் இரண்டு பெயர் ஞாபகம் வந்தது. பென்சிலால் எழுதிவிட்டேன். மீதி மூன்றுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.