தொடாமலே இசிஜி: நம்பலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, திண்டுக்கல் நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு நெஞ்சு கனத்தது. செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து, கேமரா மேல் விரலை வைத்தார். "78, நார்மல்" என்று காட்டியது. "இசிஜி எடுத்துட்டேன்டா, ஒண்ணுமில்ல" என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நானும் நம்பினேன். காலையில் ஆஸ்பத்திரியில் நிஜ இசிஜி எடுத்தபோதுதான் ஹார்ட் அட்டாக் என்று தெரிந்தது. பிழைத்துக் கொண்டார். ஆனால் ஒரு முழு ராத்திரியை வீணடித்துவிட்டோம்.

கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிற நானே ஏமாந்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேமரா பார்ப்பது வெளிச்சத்தை. ரத்தம் பாயும்போது விரலின் நிறம் லேசாக மாறும். அதை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கும். இசிஜி அளப்பது மின்சாரத்தை. தோலின் மேல் அது சுமார் 1 மில்லிவோல்ட்தான். இரண்டும் வேறு வேறு.

அப்படியானால் மின்சாரத்தைத் தொடாமல் அளக்கவே முடியாதா? முடியும். ஸ்பீக்கர் ஒயரின் பின்னை விரலால் தொட்டபோது 'ங்ங்ங்' என்று இரைந்ததைக் கேட்டிருப்பீர்கள். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் ஒயர் உங்களைத் தொடவில்லை. ஆனாலும் அதன் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு காற்று வழியாக உங்கள் உடம்பில் ஏறி, ஸ்பீக்கருக்குப் போகிறது. இதையே திருப்பிப் போட்டால் தொடாத சென்சார். ஒரு சின்ன உலோகத் தகடு, நடுவில் சட்டைத் துணி, அந்தப் பக்கம் உங்கள் தோல்: இது ஒரு கெப்பாசிட்டர். அதன் வழியே வரும் நுண்ணிய சிக்னலை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2002-லேயே இதயத் துடிப்பின் மின்சிக்னலைச் சுமார் 1 மீட்டர் தள்ளி நின்று பிடித்துக் காட்டினார்கள். 2011-ல் ஃபோர்டு நிறுவனம் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 6 சென்சார் பதித்த கார் சீட்டை அறிமுகப்படுத்தியது. ஆனால் அது கடைக்கு வரவில்லை. 2015-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஏன்? அந்த 'ங்ங்ங்' இரைச்சல்தான் முதல் எதிரி. இதயத்தின் சிக்னல் அதில் மூழ்கிப் போகும். கொஞ்சம் அசைந்தாலும் தகட்டுக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி மாறி, கோடு தாறுமாறாகும். பாலியஸ்டர் சட்டை என்றால் உராய்வு மின்சாரம் வேறு. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் 10 எலக்ட்ரோடு வைத்து இதயத்தை 12 கோணங்களில் பார்க்கிறார்கள். நாற்காலியோ மெத்தையோ பெரும்பாலும் ஒரு கோணத்தைத்தான் காட்டும். அடைப்பு வேறு பக்கம் இருந்தால் தெரியாமலே போகலாம்.

அதற்காக இது வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன். தீக்காயம் பட்டவருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பட்டை ஒட்டிப் பிரித்தால் தோலே உரியும். அவர்களை இரவு பகலாகக் கவனிக்க இது உதவலாம். என் கருத்து இதுதான்: கண்காணிக்க இது சரி, நோயைத் தீர்மானிக்க இது போதாது.

இன்னொரு விஷயம். தொடாமல் அளக்கிற கருவி, கேட்காமலும் அளக்கலாம். நாளைக்கு ஆபீஸ் நாற்காலியிலோ வாடகைக் காரிலோ இது வந்தால், அந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.

நெஞ்சு வலித்தால் ஆப்பைத் திறக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சித்தப்பா இப்போது அந்த ஆப்பை அழித்துவிட்டார். நானும்தான்.