தலைப்பில்லாத தாள்கள்

நஸ்ரீன் மொஹமதி தன் படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. பெரும்பாலானவற்றில் தேதியும் இல்லை. சட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையைப் படித்துவிட்டு, பிறகு படத்தைப் பார்ப்பது நம் வழக்கம். இங்கே அட்டையில் கிடைப்பதெல்லாம் ‘தலைப்பில்லை, ஏறத்தாழ 1975, தாளில் மையும் பென்சிலும்’ என்ற அளவுதான். அந்த ஆண்டும்கூடப் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் பாணியை வைத்துக் கணித்ததுதான். பிடித்துக்கொள்ள ஒரு சொல்லைக்கூடத் தராமல் நம்மைத் தாளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்.

அருவ ஓவியம் என்றதும் ‘நமக்கு அதெல்லாம் புரியாதப்பா’ என்று விலகிப் போகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை ஒரே ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போக முடியும் என்றால், 2013இல் தில்லி சாகேத்தில் கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் வைத்த நஸ்ரீனின் தனிக் கண்காட்சிக்குத்தான் கூட்டிப்போவேன். பரோடாவில் அவரிடம் படித்த ரூபினா கரோடே தொகுத்தது அது. அருங்காட்சியகம் இருப்பது ஒரு வணிக வளாகத்துக்குள். வெளியே கடைகளின் விளக்குகள் கண்ணைப் பறிக்கும்; உள்ளே வெளிச்சம் தணிந்திருக்கும். ஒளி பட்டால் தாள் பழுப்பேறும், நிறம் வெளிறும். அதனால் தாளில் செய்தவற்றை 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தில் வைப்பதும், சில மாதங்கள் காட்டிவிட்டு மறுபடி நெடுங்காலம் இருட்டில் வைத்துவிடுவதும் உலகெங்கும் அருங்காட்சியகங்களின் வழக்கம். இன்னொரு நாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவற்றைத் தள்ளிப்போட முடியாது.

நாலடி தள்ளி நின்றால் தாள் முழுக்க மெல்லிய சாம்பல் நிறம் படர்ந்திருப்பதுபோல் இருக்கும். கிட்டே போனால்தான் அத்தனையும் கோடுகள் என்று தெரிகிறது. இடமிருந்து வலமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, எண்ணி முடியாத கிடைக்கோடுகள். இடைவெளி ஒன்றுபோல் இல்லை. ஓரிடத்தில் நெருங்குகின்றன, சற்றுக் கீழே விலகுகின்றன. சில பென்சில், சில மை. மையிலேயே கனத்தது, மெலிந்தது, அதனினும் மெலிந்தது. குறுக்கே ஒரு சாய்கோடு இறங்குகிறது. அது வெட்டிப்போன இடத்தில் கிடைக்கோடுகள் ஒவ்வொன்றும் கனம் மாறுகின்றன. இத்தனையையும் கண் வாங்கிக்கொண்ட பிறகு, தட்டையாக இருந்த தாள் மெல்ல ஒரு பக்கமாகச் சரிகிறது. எந்தப் பொருளும் வரையப்படவில்லை. ஆனால் தொலைவு இருக்கிறது, சரிவு இருக்கிறது, வேகம் இருக்கிறது. ‘இது என்ன?’ என்ற கேள்வி அதற்குள் எப்போதோ நம்மை விட்டுப் போயிருக்கும்.

இவற்றை அவர் வரைந்தது கட்டடக் கலைஞர்களின் கருவிகளைக் கொண்டு. வரைவு மேசை, செட் ஸ்கொயர், மை விட்டு இழுக்கும் ரூலிங் பேனா. கணினி வருவதற்கு முன் பொதுப்பணித் துறை அலுவலகங்களில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர்களுக்கு அந்தப் பேனா நன்றாகத் தெரியும். இரண்டு உலோக நாக்குகள், நடுவில் ஒரு துளி மை. பக்கத்துத் திருகைத் திருப்பினால் கோட்டின் கனம் மாறும். மை கூடினால் சொட்டும். குறைந்தால் கோடு பாதியில் அறும். கை ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடத்தில் மை தேங்கிவிடும். எண்ணெய் வண்ணத்தில் பிடிக்காததை மறைத்து அதன்மேல் தீட்டலாம். இங்கே முப்பதாவது கோட்டில் பிசகினால் முந்தைய இருபத்தொன்பதும் போயிற்று. டிராஃப்ட்ஸ்மேன் இழுத்த கோட்டுக்குப் பின்னால் ஒரு பாலமோ பள்ளிக்கூடமோ எழும்பும். நஸ்ரீனின் கோட்டுக்குப் பின்னால் எழும்புவதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் அந்தத் தாளிலேயே நடந்து முடிந்தாக வேண்டும்.

தாளில் செய்ததை முன்தயாரிப்பாகவும் கேன்வாஸில் செய்ததையே முழு ஓவியமாகவும் நினைக்கிற பழக்கம் நம் நாட்டுச் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கிறது. விலையிலும் அது தெரியும். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முழுவதுமாகத் தாளையே பற்றிக்கொண்டவர் இவர். அந்தத் தேர்வை எதற்கோ ஒத்திகை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1937இல் கராச்சியில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். லண்டனிலும் பாரிஸிலும் படித்தார். இடையில் பம்பாய் புலாபாய் தேசாய் இன்ஸ்டிட்யூட்டில் வேலை செய்தபோது ஓவியர் வி.எஸ். காய்தொண்டேயின் நட்பு கிடைத்தது. 1972 முதல் 1990இல் மறையும்வரை பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில் ஆசிரியை. பரோடா அந்த நாட்களில் கதை சொல்லும் ஓவியத்தின் ஊர். குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் மனிதர்களையும் தெருக்களையும் தீட்டிப் பெயர் பெற்றிருந்த அதே ஊரில், மனிதச் சாயலே இல்லாத கோடுகளை இவர் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். அதற்கு எவ்வளவு உறுதி வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

அவருடைய நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடலசைவின் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கிற நரம்பு நோய். அது முற்றிய எண்பதுகளில்தான் கோடுகள் வெகுவாகக் குறைந்தன. வெள்ளைத் தாளின் வெறுமையில் மிதக்கிற ஓரிரு சாய்கோடுகள், ஒரு வளைவு, அவ்வளவே. நடுக்கம் எங்கும் தெரியவில்லை. இதைக் கேட்டவுடன் நோயை வென்ற கதையாக அந்தத் தாள்களைப் படிக்கத் தோன்றும். அது வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அறுபதுகளின் தொடக்கத்தில் செடியும் கிளையும் போலக் கசிந்த மைப் பூச்சிலிருந்து எழுபதுகளின் கட்டங்களுக்கும், கட்டங்களிலிருந்து சாய்கோடுகளுக்கும் அவர் போன வழியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எதையோ விட்டிருக்கிறார். அந்த வழி போய்ச் சேருகிற இடம்தான் எண்பதுகளின் வெண்மை. நோய் வராதிருந்தாலும் அங்கேதான் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

2016இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் மெட் ப்ரோயர் கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது. அங்கெல்லாம் அவரை ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிடுவது வாடிக்கை. இருவரும் பென்சிலால் கட்டம் போட்டவர்கள் என்பதைத் தாண்டி அந்த ஒப்பீடு வெகுதூரம் போகவில்லை. மார்ட்டினின் பெரிய சதுரக் கேன்வாஸ்கள் அமைதியில் அமர்ந்திருப்பவை. நஸ்ரீனின் தாள்கள் எங்கோ விரைந்துகொண்டிருப்பவை.

கைப்பேசியில் இவற்றைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நெருங்கிய கோடுகள் திரையின் புள்ளிகளோடு மோதி, தாளில் இல்லாத அலைகளை உண்டாக்கும். மெல்லிய பென்சில் கோடுகளோ காணாமலே போகும். நல்ல தாளில் அச்சிட்ட நூலில்கூடப் பாதிதான் மிஞ்சுகிறது.

அவர் புகைப்படங்களும் எடுத்தார்: பதேபூர் சிக்ரியின் கல்தளம், கடற்கரை மணல், தறியில் ஏற்றிய பாவு நூல்கள். வாழ்ந்த காலத்தில் அவற்றை அவர் காட்சிக்கு வைக்கவே இல்லை. இப்போது ஓவியங்களுக்கு அருகிலேயே மாட்டுகிறார்கள். படங்கள் அருமையானவை, ஆனால் வைக்கிற இடம் தவறு. பாவு நூலைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தாளுக்குத் திரும்புகிறவர், ‘ஓ, தறியைத்தான் வரைந்திருக்கிறார்’ என்று நிம்மதியோடு நகர்ந்துவிடுகிறார். பெயரே வைக்காமல் அவர் காத்த இடத்தை அந்த ஒரு புகைப்படம் நிரப்பிவிடுகிறது. அடுத்து இவரைக் காட்சிக்கு வைப்பவர்கள், புகைப்படங்களையும் சுவரில் எழுதும் வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்துக் கடைசி அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.